நல்ல இசை என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

சுருதிப்பெட்டி எழுதியது:

ஒரு கிட்டார் காணொளிக்குக் கீழே நடந்த சண்டையைப் படித்தேன். ஒருவர், "இந்த வேகத்தில் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை, இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்கிறார். இன்னொருவர், "ராக் இசைதானே, அதில் என்ன சங்கீதம் இருக்கிறது?" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். இருவருமே அந்தப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவர் விரலைப் பார்த்தார், மற்றவர் மேலே ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைப் பார்த்தார்.

பெயர்ச்சீட்டு நம் காதை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. வயலின் மேதை ஃபிரிட்ஸ் கிரைஸ்லர், புக்னானி போன்ற முந்தைய நூற்றாண்டுகளின் இசையமைப்பாளர்கள் பெயரில் பல உருப்படிகளை மேடையில் வாசித்துவந்தார். அவற்றை எழுதியது தானே என்று 1935-ல் வெளிப்படையாகச் சொன்னார். எர்னஸ்ட் நியூமன் என்ற ஆங்கில விமர்சகர் அவரைக் கடுமையாகச் சாடினார். ஏமாற்றியது தவறு என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உருப்படிகளில் ஒரு சுரமும் மாறவில்லையே! முந்தின நாள் நன்றாக இருந்தது மறுநாள் மட்டமாகிவிடுமா?

நான் பார்ப்பது இதைத்தான். ஒரு பாட்டு தன் முதல் சில அடிகளிலேயே கேட்பவருக்குள் ஓர் எதிர்பார்ப்பைக் கிளப்பிவிடுகிறது. பிறகு அதை என்ன செய்கிறது? நிறைவேற்றுகிறதா, தள்ளிப்போடுகிறதா, வேறு பக்கம் திருப்புகிறதா, மறந்தே போய்விடுகிறதா? ஒரு சங்கதியை, அதாவது ஒரு வரியை மாற்றிப் பாடும் ஒரு வடிவத்தை, எடுத்துவிட்டால் பாட்டுக்கு வலிக்க வேண்டும். வலிக்கவில்லை என்றால் அது அங்கே இருந்திருக்க வேண்டியதில்லை, எவ்வளவு கடினமான சங்கதியாக இருந்தாலும்.

விரல்வித்தை எழுதியது:

சார், நான் வயலின் கத்துக்கிறவ. உங்க பதிவு படிக்க நல்லா இருக்கு, ஆனா எனக்குக் கொஞ்சம் கோபமும் வருது. "வேகம் முக்கியமில்ல, உணர்ச்சி பாவம்தான் முக்கியம்"னு சொல்றவங்க பாதிப் பேர் சாதகப் பயிற்சி பண்ணாதவங்க. சுருதி சேரலன்னா சேரலதான். தாளம் நழுவினா நழுவினதுதான். இதெல்லாம் அளந்து காட்ட முடியும். "பாட்டுக்கு வலிக்கிறது"ன்னா அதை எந்தக் கருவியில அளப்பீங்க? திறமைன்னு ஒரு அளவுகோல் இருக்கிறதாலதான் அறிமுகம் இல்லாதவங்களும் மேடை ஏற முடியுது. அதைத் தூக்கிப் போட்டா மிஞ்சுறது சிபாரிசும் கும்பல் ரசனையும்தான்.

நிலாமுற்றம் எழுதியது:

எல்லாம் அவரவர் ரசனை. எனக்குப் பிடித்தது எனக்கு நல்ல இசை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

சுருதிப்பெட்டி எழுதியது:

நிலாமுற்றம், பிடிக்கிறது என்பது வேறு, நன்றாக இருக்கிறது என்பது வேறு. சுமாரான பாட்டு என்று தெரிந்தே நாம் விரும்பிக் கேட்கும் பாட்டுகள் எல்லோரிடமும் உண்டு. சுமார் என்று அப்போது தீர்ப்புச் சொல்வது யார்? அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் பேசுகிறேன்.

விரல்வித்தை, திறமையை நம் காது அளக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 2013-ல் சியா-ஜங் சே என்ற ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். சாஸ்திரிய இசைப் போட்டிகளின் பதிவுகளைக் காட்டி, வென்றவர் யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். ஒலியே இல்லாத காணொளியை மட்டும் பார்த்தவர்கள், ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட அதிகம் சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களுக்கும் இதே கதைதான். அப்படியானால் நடுவர்கள் பரிசளித்தது எதற்கு? நீங்கள் அளவுகோல் என்று நம்புவதில் கணிசமான பங்கு கண்ணுக்குப் போய்விடுகிறது.

இன்னொன்று. பியானோ கலைஞர் கிளென் கூல்ட், பாக் எழுதிய கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் என்ற மாறுபாட்டுத் தொகுப்பை இரண்டு முறை ஸ்டூடியோவில் பதிவு செய்தார். 1955-ல் சுமார் 38 நிமிடம், 1981-ல் சுமார் 51 நிமிடம். அதே மனிதர், அதே இசை. வேகம்தான் பெருமை என்றால் இரண்டாவது பதிவை அவர் செய்திருக்கவே வேண்டாம்.

விரல்வித்தை எழுதியது:

கணக்கை முழுசாச் சொல்லுங்க சார். 1955-ல அவர் எந்தப் பகுதியையும் திருப்பி வாசிக்கல. 1981-ல சில வேரியேஷன்களோட முதற்பாதியைத் திருப்பி வாசிச்சிருக்கார். கூடுன நேரத்துல அதுவும் ஒரு பங்கு. நிதானத்தைக் காட்டணும்னா ஆரம்பத்துல வர்ற ஆரியாங்கிற மெட்டை மட்டும் எடுத்துக்கோங்க. முதல் பதிவுல ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும், ரெண்டாவதுல மூணு நிமிஷத்தைத் தாண்டும். அது சுத்தமான ஒப்பீடு.

ஆனா அதுவே என் கட்சிக்குத்தான் சாட்சி. பியானோவுல சுரத்தை அழுத்துன நொடியிலயே நாதம் தேய ஆரம்பிச்சிடும். அவ்வளவு மெதுவா வாசிக்கும்போது ஒரு சுரம் தேய்ஞ்சு எந்த அளவுக்கு வந்திருக்கோ, அடுத்ததை அந்த அளவுக்குப் பொருந்துற அழுத்தத்துல தொடணும். கொஞ்சம் கூடினாலும் மெட்டோட தொடர்ச்சி அறுந்துடும். வேகமா வாசிக்கும்போது இந்தக் குறை வெளியே தெரியாது. அதனால மெதுவா வாசிக்கிறதுதான் பெரிய வித்தை. வித்தையைத் தாண்டி எங்கேயும் போயிடல.

பழையகேசட் எழுதியது:

இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இசை வகையை வெறும் பெயர்ச்சீட்டு என்று சுருதிப்பெட்டி ஐயா ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. வகை என்பது காதுக்கு இலக்கணம்.

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்' 1959-ல் வந்தது. ஒரு சுற்றுக்கு 32 பார் (பார் என்பது ஒரு தாள அளவு). முதல் 16 பாரும் ஒரே சுர அடுக்கில் நிற்கும். அடுத்த 8 பாரில் அதே அடுக்கு அரைச் சுரம் மேலே ஏறும். கடைசி 8 பாரில் பழைய இடத்துக்கு இறங்கும். அவ்வளவுதான் அஸ்திவாரம். ஜாஸ் கேட்டுப் பழகாத ஒருவரிடம் கொடுங்கள், "ஒரே இடத்தில் சுற்றுகிறதே" என்பார். அதற்கு முந்தைய பீபாப் என்ற ஜாஸ் பாணியில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) மூச்சுவிடாமல் மாறிக்கொண்டே இருந்ததும், டேவிஸ் அந்தப் பட்டறையிலேயே பீபாப் மேதை சார்லி பார்க்கரோடு வாசித்து வளர்ந்தவர் என்பதும் தெரிந்த காதுக்குத்தான் அந்த 16 பாரின் வெளி புரியும். எதைத் துறந்தார் என்று தெரியாமல் துறவின் அருமை எப்படித் தெரியும்?

வகைக்கு விசுவாசமாக இருப்பவரை எல்லோரும் குறுகிய மனம் என்கிறார்கள். ஒரே வகையில் ஆயிரம் பாட்டுக் கேட்டவர்தான் அதில் எது அச்சுப்பிரதி, எது அசல் என்று சொல்ல முடியும். எல்லா வகையிலும் பத்துப் பத்துப் பாட்டுக் கேட்டவருக்கு எல்லாமே புதுசாகத்தான் தெரியும்.

சுருதிப்பெட்டி எழுதியது:

பழையகேசட், இலக்கணம் தேவை என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. ஜாஸை ஜாஸின் இலக்கணத்தோடு கேளுங்கள், பதம் என்ற மெதுவான பாட்டு வகையை அதன் நிதானத்தோடு கேளுங்கள். நான் எதிர்ப்பது, ஓர் இலக்கணம் தெரியும் என்பதற்காக மற்றதில் இலக்கணமே இல்லை என்று சொல்வதை. அதோடு இலக்கணம் பிசகாமல் எழுதப்பட்ட உயிரற்ற வாக்கியம் எல்லா மொழியிலும் உண்டு.

விரல்வித்தை, மெதுவாக வாசிப்பதைப் பற்றி நீங்கள் எழுதிய பத்தி எனக்கு மிகவும் பிடித்தது. சரி, ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேவை என்ன செய்வீர்கள்? 1958-ல் 'லேடி இன் ஸாட்டின்' என்ற இசைத்தொகுப்பு வந்தபோது அவர் குரல் கிழிந்துபோயிருந்தது. நீட்டிய சுரம் நடுவில் உடைகிறது. வாத்தியக் குழுவை நடத்திய ரே எல்லிஸுக்கே பதிவின்போது திருப்தியில்லை, முடிந்த இசையைத் திரும்பக் கேட்ட பிறகுதான் மனம் மாறினார். சுருதிமானியை வைத்தால் அந்தக் குரல் தோற்கும். இன்றைக்கும் அதை உட்கார்ந்து கேட்கிறார்களே, ஏன்?

விரல்வித்தை எழுதியது:

ஏன்னா அந்த அம்மாவோட காலப்பிரமாணம், அதாவது தாளத்து மேல இருக்கிற பிடி, கடைசிவரைக்கும் உடையல! தாளம் முன்னாடி போகும், சொல் கொஞ்சம் பின்தங்கி வரும், ஆனா விழ வேண்டிய இடத்துல விழும். பல வருஷம் மேடையில ஊறினாத்தான் அந்த நிதானம் வரும். குரல் போச்சு, வித்தை போகல.

சுருதிப்பெட்டி எழுதியது:

எந்தச் சொல்லை எவ்வளவு பின்தள்ள வேண்டும் என்று அவருக்கு எது சொன்னது? எல்லாச் சொல்லையும் ஒரே அளவு பின்தள்ளினால் அது வெறும் பழக்கம். அவர் சில சொற்களைத் தேர்ந்து பின்தள்ளுகிறார். பாட்டின் பொருள் சொன்னபடி குரல் நடக்கிறது. அந்தத் தேர்வைத்தான் நான் தரம் என்கிறேன். அதற்கு வித்தை கைவசம் இருக்க வேண்டும் என்பதில் உங்களோடுதான் நிற்கிறேன்.

பழையகேசட் எழுதியது:

ஐயா, "ஒரு சங்கதியை எடுத்தால் வலிக்க வேண்டும்" என்ற உங்கள் சோதனைக்கு வருகிறேன். சொல்லில்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் அரைமணி நேர ஆலாபனையில் நடுவில் ஒரு பிடியை (சுரக்கோவையை) எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடுக்கிக் கட்டும் இசையில் ஒரு சுற்றைக் குறைத்தாலும் அப்படித்தான். உங்கள் சோதனைப்படி இவையெல்லாம் தோற்க வேண்டுமே? செறிவாக எழுதி முடித்த உருப்படிகளை மனதில் வைத்துக்கொண்டு எல்லா இசைக்கும் சட்டம் போடுகிறீர்கள்.

சுருதிப்பெட்டி எழுதியது:

நல்ல கேள்வி. ஆலாபனையில் ஒரு பிடியை எடுக்க வேண்டாம், இடம் மாற்றிப் பாருங்கள். மேல் ஷட்ஜத்தை, அதாவது ஏறுவரிசையின் உச்சியில் வரும் 'ஸ'வை, இரண்டாவது நிமிடத்திலேயே தொட்டு நின்றுவிட்டால் மீதி நேரத்துக்கு என்ன மிஞ்சும்? நல்ல பாடகர் அதற்கு முந்தைய சுரமான நிஷாதம்வரை வந்துவந்து திரும்புவார். கேட்பவர் மனம் அவருக்கு முன்னால் மேலே போய்க் காத்திருக்கும். அடுக்கிக் கட்டும் இசையிலும் மாற்றம் எந்தச் சுற்றில் வருகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஆக, அவற்றில் கேட்க வேண்டியது "இது வேண்டுமா?" என்பதைவிட "இது இப்போதா?" என்பது.

பழையகேசட் எழுதியது:

இந்தப் பதில் முதல் பதிவைவிட மேல். ஆனாலும் மேல் ஷட்ஜம் அவசரமாக வந்துவிட்டது என்று உங்கள் காதுக்குச் சொன்னது யார்? பல ஆலாபனைகளைக் கேட்ட பழக்கம்தானே? பழக்கமில்லாத ஒருவருக்கு அந்த அவசரம் உறைக்குமா?

விரல்வித்தை எழுதியது:

எனக்குத் தெரிஞ்சு பாதி உறைக்கும். ராகம்னா என்னன்னே தெரியாத தோழி ஒருத்தியோட கச்சேரி கேட்டிருக்கேன். பாடகர் நிஷாதத்துல நின்னப்போ அவ மூச்சைப் பிடிச்சுக்கிட்டா. அது காந்தாரம் இல்ல, நிஷாதம்னு அவளுக்குத் தெரியாது. எது வரப்போகுதுன்னு மட்டும் தெரிஞ்சிருக்கு.

பழையகேசட் எழுதியது:

அந்த மீதிப் பாதிக்காகத்தான் அம்மா நான் வாதாடுகிறேன்.