மறு: ‘டெஸ்ட் நெகட்டிவ் டிசைன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரே நோயோடு வந்தவர்களைச் சோதித்து, கிருமி இருப்பவர்களிலும் இல்லாதவர்களிலும் எத்தனை பேர் தடுப்பு மருந்து போட்டவர்கள் என்று ஒப்பிட்டு மருந்தின் பயனை அளக்கும் ஆய்வு முறைதான் ‘டெஸ்ட் நெகட்டிவ் டிசைன்’. அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். நேற்றைய இரவுப் பணிக்குப் பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

> ‘சோதனை எதிர்மறை வடிவமைப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம். பொருள் தெளிவாகத்தானே இருக்கிறது?

இல்லை ஐயா. குழந்தைகள் அவசரப் பிரிவில், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்து ஆய்வுக்குப் பெயர் சேர்ப்பது என் வேலைகளில் ஒன்று. நேற்று வந்தது பத்து மாதப் பையன். வயிற்றால் போய்ப் போய்க் கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்று மெதுவாகத்தான் இறங்கியது. டிரிப் ஏற்றி, விடியும் நேரத்தில் அவன் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் அவன் அம்மாவிடம் தகவல் தாளை வாசித்துக் காட்டினேன். மலத்தில் ரோட்டா இல்லையென்றால் குழந்தை ‘எதிர்மறைக் குழுவில்’ சேர்க்கப்படும் என்று அதில் இருந்தது. மொழிபெயர்த்தவன் நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

“எம் புள்ளைய எதுக்கு சார் கெட்ட லிஸ்ட்ல போடுறீங்க?”

இலக்கணத்தில் எதிர்மறைக்கு ஒரு குற்றமும் இல்லை. வாராத, செய்யாத என்பவை எதிர்மறைப் பெயரெச்சம், பள்ளியில் படித்ததுதான். ஆனால் எதிர்மறை எண்ணம், எதிர்மறை விமர்சனம் என்று எழுதி எழுதி அந்தச் சொல்லில் இன்று கசப்பு ஏறிவிட்டது. தாளை மடித்து வைத்துவிட்டு வாயால் விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: “அப்ப ரோட்டாவா இருந்தா ஒரு பக்கம், வேற எதுனாலயாவது போனா இன்னொரு பக்கம். அவ்ளோதானே?”

அவ்வளவேதான். நாம் இங்கே நாற்பது மடல் எழுதியிருக்கிறோம்.

> நோயிலார் ஒப்பீட்டாய்வு

முனைவர் அம்மா மன்னிக்க வேண்டும், இது ஆய்வையே தலைகீழாக்கிவிடும். இதில் நோயில்லாத குழந்தை ஒன்றுகூடக் கிடையாது. எல்லாருக்கும் வயிற்றுப்போக்கு, எல்லாரும் அதே கேஷுவாலிட்டி வாசலில் வந்தவர்கள். அதில்தான் இந்த முறையின் சூட்சுமமே இருக்கிறது. தெருவில் விளையாடும் நலமான குழந்தைகளோடு ஒப்பிட்டால், சொட்டு மருந்துக்குத் தவறாமல் கூட்டிப்போகிற வீடு எது, நோய் வந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடுகிற வீடு எது என்ற வேறுபாடெல்லாம் மருந்தின் கணக்கில் ஏறிவிடும். ஒரே வாசலில் வந்தவர்களை ஒப்பிட்டால் அந்தக் கலப்படம் பெருமளவு குறையும்.

கணக்கும் எளிது. ஒரு பேச்சுக்கு, ரோட்டா உறுதியான 100 குழந்தைகளில் 60 பேர் சொட்டு மருந்து போட்டவர்கள், 40 பேர் போடாதவர்கள் என்று கொள்வோம். ரோட்டா இல்லாத 100 பேரில் அது 75க்கு 25. போட்டவர்களைப் போடாதவர்களால் வகுத்தால் முதல் பக்கம் ஒன்றரை, மறுபக்கம் மூன்று. ஒன்றரையை மூன்றால் வகுத்தால் அரை; ஒன்றிலிருந்து அரை போனால் மீதி அரை. மருந்தின் பயன் 50 சதவீதம். (போட்டார்களா என்பதற்குத் தடுப்பூசி அட்டைதான் சாட்சி. அட்டை வீட்டில் இருக்கும், போனில் படம் இருக்கும், போன் அப்பாவிடம் இருக்கும். அது தனிக் கதை.)

> கிருமியிலி

இதுவும் வேண்டாம். ரோட்டா இல்லையென்றால் வேறு கிருமி இருக்கலாமே. மேலும் ‘இலி’ ஆளோடு ஒட்டினால் வசைபோலத் தொனிக்கும். அறிவிலி என்பதைக் கேட்டுப் பாருங்கள். பத்து மாதக் குழந்தைக்கு அந்த விகுதி எதற்கு?

அந்த அம்மா சொன்னதையே எடுத்துக்கொண்டு ‘பிறகாரண ஒப்பீட்டாய்வு’ என்று முன்மொழிகிறேன். ஒப்பிடப்படும் குழந்தைகள் ‘பிறகாரணக் குழு’. நோய் ஒன்று, காரணம் பிறிது. இதில் இன்னொரு வசதியும் உண்டு. மருந்து ரோட்டாவை மட்டுமே தடுக்க வேண்டும், மற்ற வயிற்றுப்போக்குகளைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அப்போதுதான் மேலே போட்ட கணக்கு நிற்கும். ‘பிறகாரணம்’ என்று சொன்னதும் அந்தப் பிற காரணத்தை மருந்து தொடுமா என்ற கேள்வி தானாக எழும். ‘எதிர்மறை’யில் எழாது. இருமல் காய்ச்சலோடு வருபவர்களை வைத்து ஃப்ளூ தடுப்பூசியை அளக்கும்போதும் இதே சொல் அப்படியே பொருந்தும்.

> காரணம் வடசொல். ‘பிறவேது’ என்க.

ஏதுவும் ‘ஹேது’விலிருந்து வந்ததுதானே ஐயா. இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள் என்றால் நோயாளிக்குப் புரிகிறவரை உள்ளே விடுவோம்.

ஒரு குறையை ஒத்துக்கொள்கிறேன். சோதனை தவறி, ரோட்டா இருந்தும் இல்லையென்று முடிவு வந்த குழந்தையும் பிறகாரணக் குழுவில்தான் உட்காரும். அதைச் சொல்லுக்குள் திணிக்க முடியாது, விளக்கத்தில் எழுதலாம்.

‘செயல்திறன்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். எஃபிகசிக்கும் (கட்டுப்பாடான சோதனையில் காட்டும் பயன்) எஃபெக்டிவ்னெஸ்ஸுக்கும் (அன்றாட நடைமுறையில் காட்டும் பயன்) இந்த ஒரே சொல்லைப் போட்டால் போதாது. ரோட்டாவேக் என்ற ரோட்டா சொட்டு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் சேர்த்து 6,799 குழந்தைகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை அது ஏறத்தாழ 54 சதவீதம் தடுத்தது. 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்த பிறகு, மருத்துவமனைகளில் நாம் பேசும் இதே முறையில் அளந்தபோதும் 54 சதவீதத்தை ஒட்டியே வந்தது. எண் ஒன்றுதான், ஆனால் கேள்வி வேறு. முதலாவதில் குழந்தைக்கு 6, 10, 14 வாரம் என்று நாள் பார்த்துப் போட்டு, வீடு வரை போய்க் கவனித்தார்கள். இரண்டாவதில் செவிலியர் வந்த நாளில், காய்ச்சல் விட்ட பிறகு, பாட்டி ஊரிலிருந்து திரும்பிய பிறகு போட்ட சொட்டுகளும் சேர்த்தி. முதலாவதற்குக் ‘காப்புத்திறன்’, இரண்டாவதற்குக் ‘களக்காப்பு’ என்பேன். வாயில் விடும் ஐந்து சொட்டை எத்தனை நாள் ‘தடுப்பூசி’ என்று எழுதப்போகிறோம் என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

திருத்திய தகவல் தாள் வெள்ளிக்கிழமை நெறிமுறைக் குழுவுக்குப் போகிறது. ‘பிறகாரணக் குழு’வைவிட நல்ல சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். அன்றும் எனக்கு இரவுப் பணிதான், விழித்திருப்பேன்.