மிஷன் காணிக்கை ஆருக்கு?

கண்டாவளையான்:
போன ஞாயிறு எங்கட சபையில மிஷன் காணிக்கை, அதாவது வேற இடங்களில சுவிசேஷம் சொல்லுற ஊழியத்துக்குச் சேர்க்கிற காசு. போதகர் உலகப் படத்தை மாட்டி, சுவிசேஷம் குறைவாப் போய்ச் சேர்ந்த பகுதி எண்டு சொல்லுற 10/40 ஜன்னலைக் காட்டினார்: வடக்கு அகலக்கோடு 10 பாகையில இருந்து 40 பாகை வரை, மேற்கு ஆபிரிக்காவில இருந்து யப்பான் மட்டும். கிளிநொச்சி 9 பாகை சொச்சத்தில, கோட்டுக்குக் கீழ கிடக்கு. எனக்கு முன் வாங்கில இருந்த அக்காவுக்கு புதன்கிழமை நுண்கடன் தவணை. அவ லேஞ்சி முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாயைப் போட்டா. எனக்கு மனம் ஏற்கேல்ல. எங்கட தேவை தேவையில்லையோ?

பரந்தன் அக்கா:
தம்பி, அந்தப் படத்துக்கு ஒரு நியாயம் இருக்கு. 1974இல் சுவிற்சர்லாந்தில நடந்த லோசான் உலக சுவிசேஷ மாநாட்டில அமெரிக்க மிஷன் அறிஞர் ரால்ஃப் வின்டர் சொன்னது இதைத்தான்: உலகத்தில கனபேருக்கு அயலில ஒரு கிறிஸ்தவர்கூட இல்லை, மொழி பண்பாடு தாண்டி ஆராவது போனால்தான் உண்டு. அந்தக் காணிக்கை போறது அப்பிடியான சனத்துக்கு. அவைக்குச் சுவிசேஷம் சொல்ல ஆளே இல்லை.

கண்டாவளையான்:
போனவை எப்பிடிப் போனவை எண்டும் பாருங்கோ அக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டில வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் டொக்டர் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில வைத்தியம் பார்த்தார், எங்கட பெடியளுக்குத் தமிழிலயே வைத்தியம் படிப்பிச்சார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். சனத்துக்கு என்ன வேணும் எண்டு தெரிஞ்சு செய்த வேலை.

பரந்தன் அக்கா:
அவர் மசாசுசெற்சில இருந்து வந்தவர். அங்க ஏழையள் இல்லையோ? ‘முதல் எங்கட ஊர்’ எண்டு அவரை அனுப்பினவை இருந்திருந்தால் மானிப்பாய்க்கு ஆர் வந்திருப்பினம்?

மல்லாவி ரீச்சர்:
இடையில ஒண்டு சொல்லுறன். 2009இல் சண்டையில இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த செட்டிகுளம் முகாமில நானும் இருந்தனான். ஒரு நாள் வெளியில இருந்து பெட்டி வந்தது. உடைச்சால் கம்பளிச் சட்டையள். தகரக் கூரைக்குக் கீழ, வேர்த்து ஒழுகிக்கொண்டு அதைக் கையில வைச்சிருந்தன். எங்களுக்கு வேண்டியிருந்தது வாளியும் உள்ளுடுப்பும். அனுப்பினவையின்ர அன்பில எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருத்தரும் எங்களைக் கேட்கேல்ல, அவ்வளவுதான். ஆள் இல்லாத இடத்தைப் படம் காட்டும். அங்க இருக்கிற மனிசிக்கு வாளி வேணுமோ சட்டை வேணுமோ எண்டு படத்துக்குத் தெரியாது.

பரந்தன் அக்கா:
அதை ஒத்துக்கொள்ளுறன் ரீச்சர். ஆனால் கேட்கிறதுக்கும் ஆராவது அங்க போகத்தானே வேணும். தம்பி, அந்த அக்காவைக் கேட்டனீங்களோ, ஏன் போட்டவ எண்டு?

கண்டாவளையான்:
கேட்கேல்ல.

கண்டாவளையான் (அடுத்த நாள்):
இண்டைக்குப் போய்க் கேட்டன். “முகாமில எனக்குச் சோறு தந்தது ஆரெண்டே தெரியாது தம்பி” எண்டா. பிறகு தவணைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினா. இன்னும் ஏழு கிழமை கிடக்கு. வாற ஞாயிறு சபைக் கூட்டத்தில அந்த ஏழு கிழமையைப் பற்றிக் கதைக்கப் போறன். மிஷன் காணிக்கையை நிப்பாட்டச் சொல்லிக் கேட்க மாட்டன்.