புதுப்பிப்பு: குழுவிலிருந்து காணாமல் போகும் ஸ்பீக்கரும் பின்தங்கும் ஹாலும்

மூன்று அறை ஸ்பீக்கர்களையும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாட கூகுள் ஹோம் செயலியில் குழுவாக்கினால் சமையலறை ஸ்பீக்கர் அவ்வப்போது காணாமல் போகிறது, ஹாலில் பாட்டு பின்தங்குகிறது என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். இரண்டும் தீர்ந்தன, காரணங்கள்தான் வேறு வேறு.

முதலாவது ரவுட்டர் சிக்கல். ஸ்பீக்கர்கள் ஒன்றையொன்று கண்டுகொள்வது எம்டிஎன்எஸ் மூலம், அதாவது 'யார் இருக்கிறீர்கள்' என்று வீட்டு நெட்வொர்க்கில் எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே சமயத்தில் அனுப்பும் செய்தி (மல்டிகாஸ்ட் முகவரி 224.0.0.251, யுடிபி போர்ட் 5353). இந்தச் செய்தி தானாக சப்நெட்டை, அதாவது நெட்வொர்க்கின் ஒரு முகவரிப் பகுதியை, தாண்டாது. சமையலறை ஸ்பீக்கர் இரண்டாவது ரவுட்டருக்குத் தாவும்போதெல்லாம் வேறு சப்நெட்டுக்குப் போனது. தனியாகப் பாட்டு பாடும், ஏனென்றால் அதற்கு இணையம் போதும், குழுவுக்குப் போதாது. ஏமாற்றும் அறிகுறி இதுதான். இரண்டாவது ரவுட்டரில் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி முகவரி வழங்கும் வசதி) அணைத்து, முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை வான் போர்ட்டிலிருந்து (இணையம் உள்ளே வரும் துளை) லான் போர்ட்டுக்கு (வீட்டுச் சாதனங்களுக்கான துளை) மாற்றியதும் சரியானது. (இரண்டாவது ரவுட்டரின் லான் ஐபி முதல் ரவுட்டரின் சப்நெட்டிலேயே, ஆனால் வேறு எண்ணாக இருக்கட்டும்.) கெஸ்ட் வைஃபை, கிளையன்ட் ஐசொலேஷன் (வைஃபை சாதனங்கள் ஒன்றோடொன்று பேசுவதைத் தடுக்கும் அமைப்பு) இரண்டும் இதே அறிகுறியைத் தரும்.

ஹால் தாமதம் அங்குள்ள ஸ்பீக்கரான சவுண்ட்பாரின் ஒலிச் செயலாக்கத்தால் வந்தது. முதலில் அதன் சரவுண்ட் மோடை அணையுங்கள், மிச்சத்தை கூகுள் ஹோம் செயலியின் குழுத் தாமதத் திருத்தத்தில் சரிசெய்யலாம். மெல்லிசை வைத்துச் சோதிக்காதீர்கள், மெட்ரோனோமின் சீரான 'டிக் டிக்' ஒலிதான் துல்லியம். இரு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில் நில்லுங்கள்: ஒலி ஒரு மீட்டர் கடக்க சுமார் 3 மில்லிநொடி ஆகும். ப்ளூடூத் ஸ்பீக்கரில் இந்தத் திருத்தம் நிலைக்காது, மறுமுறை இணையும்போது தாமதம் மாறக்கூடும்.