இணையை அரசு தேர்ந்தெடுக்கும் நகரம்: நாடகத்துக்கு நடைமுறை விவரங்கள் வேண்டும்

மீனா_டர்பன் (கேள்வி)

வணக்கம். எங்கள் கோவில் இளைஞர் குழுவுக்காக 45 நிமிட மேடை நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வருங்காலத்து நகரம் ஒன்று. யார் எங்கே குடியிருப்பது, என்ன படிப்பது, யாரைக் கட்டிக்கொள்வது என்று எல்லாமே அரசின் முடிவு. பையனுக்கு 20 வயது, பெண்ணுக்கு 19. இருவரும் வேறு வேறு பிரிவு.

சிக்கல் என்னவென்றால், என் அரசு வெறும் பூச்சாண்டியாக நிற்கிறது. ஒலிபெருக்கி, கேமரா, சீருடைக்காரர்கள், அவ்வளவுதான். நம் தென்னாப்பிரிக்காவில் 1948க்குப் பிறகு நிறவெறி ஆட்சியில் நடந்ததையே அடித்தளமாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் பாடப்புத்தகத்தில் சட்டங்களின் பெயருக்கு மேல் ஒன்றும் கிடைப்பதில்லை. கல்யாணம் செய்ய நினைத்த ஒரு ஜோடியை எந்த மேசையில், எந்தக் காகிதத்தை வைத்துத் தடுத்தார்கள்? காட்டிக்கொடுப்பது யார்? எல்லை தாண்டிப் போய்க் கட்டிக்கொண்டு திரும்பினால் ஏன் செல்லாது? பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் 20 வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்கள் முதலில் கேட்கப்போவது அந்தக் கடைசிக் கேள்விதான்.

பழைய_பதிவேடு

மீனா, ஒரே சட்டம், ஒரே அலுவலகம் என்று எழுதாதீர்கள். நீ யார் என்று ஒரு மேசை முடிவு செய்தது, எங்கே இருக்கலாம் என்று இன்னொன்று, யாரோடு இருக்கலாம் என்று மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனிக் குமாஸ்தா. எந்த மேசைக்குப் போனாலும் அங்கே இருப்பவர் "என் வேலை இவ்வளவுதான்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மேடையில் அது கேமராவை விடப் பயமுறுத்தும்.

முதல் மேசை, 1950ஆம் ஆண்டின் 30ஆம் எண் மக்கள் பதிவுச் சட்டம். வெள்ளையர், கலப்பினத்தவர், கறுப்பர் என்று மூன்று பிரிவு. இந்தியர்களைக் கலப்பினப் பிரிவுக்குள் ஓர் உட்பிரிவாக அடைத்தார்கள். கேப் கலப்பினம், மலாய், கிரிக்வா, சீனர், இந்தியர், பிற ஆசியர், பிற கலப்பினம் என்று 1959இல் அதையும் ஏழாக உடைத்தார்கள்.

வெள்ளையர் யார் என்பதற்கு அந்தச் சட்டம் தந்த விளக்கத்தை நன்றாகப் பாருங்கள். தோற்றத்தில் வெளிப்படையாக வெள்ளையராக இருப்பவர், அல்லது வெள்ளையர் என்று பொதுவாக ஏற்கப்படுபவர். ஆனால் தோற்றத்தில் வெள்ளையராக இருந்தும், கலப்பினத்தவர் என்று பொதுவாக ஏற்கப்படுபவர் வெள்ளையர் இல்லை. அதாவது முகமும் சாட்சி, அக்கம்பக்கத்தார் பேச்சும் சாட்சி. இரண்டும் முரண்பட்டால் பேச்சே ஜெயிக்கும். தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்ததும் இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான்.

காட்டிக்கொடுப்பதற்கும் முறையான வழி இருந்தது. இன்னொருவருடைய வகைப்பாடு தவறு என்று மூன்றாம் மனிதர் ஒருவர் ஆட்சேபம் போடலாம். காரணங்களைச் சொல்லும் பிரமாண வாக்குமூலமும் 10 பவுண்டு வைப்புத்தொகையும் வேண்டும். வீண் புகார் என்று குழு முடிவு செய்தால் அந்தப் பணம் போய்விடும். உங்கள் நாடகத்தில் காட்டிக்கொடுப்பவருக்கு உளவாளி வேஷம் தேவையே இல்லை. 10 பவுண்டு சேர்த்து வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் போதும்.

அடுத்து, 1949ஆம் ஆண்டின் 55ஆம் எண் கலப்புத் திருமணத் தடைச் சட்டம். அப்படியொரு திருமணத்தைத் தெரிந்தே நடத்தி வைத்த அலுவலருக்கு 50 பவுண்டு வரை அபராதம். அதனால் தடுக்கும் ஆள் போலீஸ்காரராக இருக்கத் தேவையில்லை. தன் உரிமத்தை நினைத்துப் பயப்படும் பாதிரியாரோ பதிவாளரோதான் முதலில் மறுப்பார். நல்ல மனிதராகவே இருக்கலாம். அவரை வில்லனாக்கினால் காட்சி செத்துவிடும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இங்கே நிரந்தரக் குடியிருப்பு உள்ள ஆண் ஒருவர் வெளிநாட்டில் போய், இங்கே அனுமதியில்லாத திருமணத்தைச் செய்துகொண்டால், அது இந்த நாட்டுக்குள் செல்லாது என்று முதல் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். திரும்பி வந்த ஜோடி சட்டத்தின் பார்வையில் மணமாகாதவர்கள். அங்கேதான் இன்னொரு சட்டம் காத்திருக்கும்: ஒழுக்கக்கேட்டுச் சட்டம். 1927இல் வெள்ளையர், கறுப்பர் இடையே மட்டும் இருந்த தடையை 1950இல் வெள்ளையரல்லாத எல்லோருக்கும் நீட்டினார்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. கல்யாணமானவர்கள் என்ற காப்பு போய்விடுவதால் ஒரே கூரையின் கீழ் இருப்பதே வழக்குக்கு ஆதாரமாகிறது. நள்ளிரவில் கதவைத் தட்டி, படுக்கை விரிப்பில் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்கள். இந்த இரண்டு தடைகளும் 1985இல்தான் நீங்கின. மக்கள் பதிவுச் சட்டம் 1991 வரை இருந்தது.

சாட்ஸ்வொர்த்_வாசகி

அண்ணா சொன்ன மேசைகள் சரி. ஆனால் பெரும்பாலான ஜோடிகள் அந்த மேசை வரை போகவே இல்லை, மீனா. சந்திக்கவே முடியாதபடி ஊரை வெட்டி வைத்திருந்தார்கள். நாடகத்தை நடத்துவது நிலப்படம்தான்.

1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பகுதி. டர்பனில் கேட்டோ மேனரிலிருந்தும், நகராட்சித் தொழிலாளர்களாக இருந்த நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்த மேகஸின் பாரக்ஸிலிருந்தும் இந்தியர்களை எடுத்து 1960களில் சாட்ஸ்வொர்த்தில் போட்டார்கள். யூனிட்டுக்கு எண், தெருவுக்கும் எண். வெள்ளையர் பகுதிக்கும் கறுப்பினத்தவர் குடியிருந்த உம்லாஸிக்கும் நடுவே தடுப்புபோல அந்த ஊரை வைத்தார்கள். கலப்பினத்தவருக்கு வென்ட்வொர்த். ஆறு, நெடுஞ்சாலை, வெற்று நிலம் என்று ஏதாவது ஒன்று இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் கிடக்கும். கேட்டோ மேனரில் வேலிக்கு அப்பால் இருந்த சிநேகிதி, குடிமாற்றத்துக்குப் பிறகு இரண்டு பஸ் மாற வேண்டிய தூரத்துக்குப் போய்விடுவாள். ஒரு காதலை முறிக்க அது போதும். யாரையும் கைது செய்ய வேண்டியதில்லை.

1953இல் தனி வசதிச் சட்டம் வந்த பிறகு பஸ், பெஞ்சு, கடற்கரை எல்லாம் பிரிந்தன. டர்பன் கடற்கரைகள் 1989இல்தான் எல்லோருக்கும் திறந்தன. ஆகவே ஜோடியைக் கடற்கரையில் சந்திக்க வைத்துவிடாதீர்கள். இந்தத் தப்பு நிறையக் கதைகளில் வருகிறது. வேறு இனத்து இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க நியாயமான இடங்கள் வேலைத்தலம், கடைக் கவுண்டர், தையல் ஆலை, மருத்துவமனை வராந்தா. அங்கே ஒருவர் பேசினால் மற்றவர் வேலை செய்துகொண்டே கேட்கலாம். உங்கள் வசனமும் அப்படியே துண்டு துண்டாக, வேலைப் பேச்சுக்கு நடுவில் வரட்டும்.

இந்தியர்களுக்குள்ளேயே காதல் என்றால் சாலிஸ்பரி தீவு இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் சட்டத்தால் மற்றப் பல்கலைக்கழகங்களின் கதவு மூட, 1961இல் டர்பன் துறைமுகத்துப் பழைய கடற்படைத் தளத்தில் இந்தியர்களுக்கென்று ஒரு கல்லூரி திறந்தார்கள். மாணவர்கள் படகில் போய் வந்தார்கள். அரசு பிரித்து வைக்கக் கட்டிய இடத்தில் டிரான்ஸ்வால் பையனும் நேட்டால் பெண்ணும் ஒரே படகில் உட்கார்ந்தார்கள். ஆனால் இந்தியர்கள் மாகாணம் மாறிப் போய்த் தங்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி 1975 வரை இருந்தது. ஃப்ரீ ஸ்டேட் மாகாணம் வழியாகப் பயணம் போகலாம், குடியிருக்க முடியாது. அந்தத் தடை 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. இரண்டு மாகாணத்துக் காதலர்களுக்கு நடுவில் இவ்வளவு பெரிய நிலம் கிடக்கிறது.

மீனா_டர்பன்

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. பெண்ணைத் தமிழ்ப் பெண்ணாகவும் பையனைக் கறுப்பினத்து ஜூலுப் பையனாகவும் வைத்து, கலப்புத் திருமணச் சட்டம் அவர்களைத் தடுக்கிறது என்று ஒரு காட்சி எழுதியிருக்கிறேன். அது சரியா?

பழைய_பதிவேடு

சரியில்லை. நல்லவேளை கேட்டீர்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளையருக்கும் வெள்ளையரல்லாதவருக்கும் இடையேதான். தமிழ்ப் பெண்ணும் ஜூலுப் பையனும் கட்டிக்கொள்வதை அது தடுக்கவில்லை. ஒழுக்கக்கேட்டுச் சட்டமும் அவர்களைத் தொடவில்லை.

ஆனாலும் அவர்களால் சேர்ந்து வாழ முடியாது. உங்கள் நாடகத்துக்கு இதுதான் வலுவான இடம், விட்டுவிடாதீர்கள். குழுப் பகுதிச் சட்டத்தில், கறுப்பினத்து ஆணை மணந்த பெண்ணும், அவரோடு சேர்ந்து வாழும் பெண்ணும், எந்த இனத்தவளாக இருந்தாலும் கறுப்பினக் குழுவைச் சேர்ந்தவள். தாலி கட்டிய நாளிலிருந்து அவள் பிறந்த வீட்டில் குடியிருக்கத் தகுதியில்லாதவள். சரி, அவனோடு போகலாமே என்றால், அவன் நகரத்தில் தங்குவதே உறுதியில்லை. கறுப்பினத்தவருக்கான நகர்ப் பகுதிச் சட்டத்தின் பிரிவு 10இன் படி, ஒரு கறுப்பினத்தவர் நகர்ப் பகுதியில் 72 மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டுமானால் அங்கேயே பிறந்து தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது ஒரே முதலாளியிடம் 10 ஆண்டு தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும், அல்லது 15 ஆண்டு சட்டப்படி அங்கே குடியிருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதிகாரியின் அனுமதி. 20 வயதுப் பையன் அங்கே பிறந்தவனாக இல்லாவிட்டால் மற்ற இரண்டு கணக்கிலும் தேறுவது கடினம்.

ஆக, பதிவாளர் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டுத் தரலாம். அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் இரவு தங்க வீடு இல்லை. காட்சியை இப்படித் திருப்பி எழுதுங்கள்.

உம்பிலோ_கரை

ஒன்றை யாரும் சொல்லவில்லை: வீடு. அந்தக் காலத்தில் 21 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் சட்டப்படி தேவையாக இருந்தது. அதனால் மீனாவின் ஜோடிக்கு அரசு வேறு, அப்பா வேறு இல்லை. அப்பா கையெழுத்துப் போடாவிட்டால் அரசு விரலை அசைக்க வேண்டியதில்லை. நம் ஆட்களிலேயே தமிழ், தெலுங்கு, இந்தி என்று பார்த்த வீடுகள் இருந்தன. அதை மறைத்து எல்லாப் பழியையும் சட்டத்தின் மேல் போட்டால் நாடகம் பாதி உண்மைதான் சொல்லும்.

வீடும் சட்டமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு சாண்ட்ரா லேங்கின் வாழ்க்கை எல்லோருக்கும் தெரிந்த சான்று. 1955இல் வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்தவர். தோற்றத்தைக் காரணம் காட்டி 1966இல் பீட் ரிட்டீஃப் ஊரின் வெள்ளையர் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். கலப்பினம் என்று மாற்றினார்கள். அப்பா போராடி மறுபடி வெள்ளையர் என்று ஆக்கினார். பதின்வயதில் அவர் ஒரு கறுப்பினத்தவரோடு ஸ்வாசிலாந்துக்குப் போனார். எல்லை தாண்டியதற்காகச் சிறை. காகிதத்தில் அவர் வெள்ளையர், அவர் பெற்ற பிள்ளைகள் வெள்ளையர் இல்லை. அப்பா அன்று பாசத்தோடு ஜெயித்துக் கொடுத்த வகைப்பாடே பிறகு அவருக்குச் சுவராக நின்றது. ஓடிப்போனால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

இன்னொன்று, 1948இல் ஆரம்பிக்காதீர்கள். நம்மவர் கல்யாணத்தில் அரசு கை வைத்தது அதற்கு முன்பே. 1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் தந்த தீர்ப்பால், கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதிவாகாத இந்தியத் திருமணங்கள் கேள்விக்குள்ளாயின. மனைவியாக வாழ்ந்த பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் முன் மனைவி இல்லை என்று ஆனார்கள். அதனால்தான் பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, வெளியே வந்த சில நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்தார். அந்த ஆண்டே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுண்டு தலைவரியை நீக்கியது, ஒரு மனைவியை அங்கீகரித்தது. உங்கள் பெண் பாத்திரத்துக்கு இதைவிட அருகில் வேறு வேர் கிடைக்காது. 19 வயதுப் பெண் சும்மா அழுதுகொண்டு நிற்கத் தேவையில்லை.

சாட்ஸ்வொர்த்_வாசகி

மேடைப் பொருள் பற்றி ஒரு யோசனை, மீனா. அடையாள எண்ணைப் பயன்படுத்துங்கள். நம் எண்ணில் 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த நான்கு, பெண்ணுக்கு 5000க்குக் கீழே, ஆணுக்கு 5000 முதல் மேலே. கடைசி இலக்கம் சரிபார்க்க. 1980களின் நடுப்பகுதி வரை, அந்தக் கடைசி இலக்கத்துக்கு முன்னாலிருந்த இரண்டும் இனத்தைக் காட்டின: வெள்ளையருக்கு 00, கேப் கலப்பினத்தவருக்கு 01, இந்தியருக்கு 05. 1986இல் அது நீங்கியது.

உங்கள் கற்பனை நகரத்துக்கும் இப்படி ஓர் எண் கொடுங்கள், ஆனால் 13 வேண்டாம், காதில் நிற்காது. 7 இலக்கம் போதும். கடைசி இரண்டு மட்டும் பிரிவு. முதல் காட்சியில் ரேஷன் வரிசையில் எல்லோரும் தங்கள் எண்ணைச் சொல்லி வாங்கட்டும், கடைசி இரண்டுக்கு முன் சின்ன இடைவெளி விட்டு. மூன்று நான்கு பேர் சொன்னதும் பார்ப்பவர்களுக்குப் பழகிவிடும். பிறகு அவனும் அவளும் வரிசையில் அடுத்தடுத்து நின்று எண் சொல்லும்போது, இவர்களுக்கு ஆகாது என்று விளக்க ஒரு வசனமும் வேண்டியதில்லை. குமாஸ்தாவாக நடிப்பவருக்கு மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: குரலை உயர்த்தக் கூடாது, தலையை நிமிர்த்தக் கூடாது, எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.