ஆபிராம் கொடுத்தது சொந்தப் பொருளா, கொள்ளைப் பொருளா?

கேத்திக்காரன்:
ஜெபவீரன் அண்ணா நேற்று இங்கே எழுதியது இது: "நியாயப்பிரமாணம் ஒழிந்தது, தசமபாகம் ஒழியவில்லை. ஆபிரகாமே கொடுத்தார். கொடுக்காதவன் கிருபைக்கு வெளியே." அதாவது மோசேயின் சட்டம் போய்விட்டதாம், வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுப்பது மட்டும் போகவில்லையாம். படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நாம் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் இல்லை, கிருபைக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்று ரோமர் 6:14 சொல்கிறது. உள்ளே வர பத்து சதவீதம் டிக்கெட் என்று அதில் எங்கே இருக்கிறது? அப்புறம் ஆதியாகமம் 14-ஐ முழுசாகப் படியுங்கள். ஆபிராம், பிற்பாடு ஆபிரகாம் ஆனவர், மெல்கிசேதேக்கு என்ற ஆசாரியனுக்குக் கொடுத்தது போரில் பிடித்து வந்த பொருளில். அவர் மந்தையிலிருந்து ஒரு ஆட்டுக்குட்டி போனதாக அங்கே இல்லை.

ஜெபவீரன்:
தம்பி, வசனம் "எல்லாவற்றிலும்" என்கிறது. எல்லாவற்றிலும் என்றால் எல்லாவற்றிலும்தான். நியாயப்பிரமாணம் 430 வருஷம் கழித்துத்தான் வந்தது என்று பவுலே கலாத்தியருக்கு எழுதுகிறார். ஆக இது சட்டம் இல்லை, விசுவாசம்.

கேத்திக்காரன்:
எபிரெயர் 7:4, "கொள்ளையிடப்பட்ட பொருள்களில்". மீதித் தொண்ணூறில் ஒரு செருப்பு வார்கூட வேண்டாம் என்று, பொருளை நீரே வைத்துக்கொள்ளும் என்ற சோதோம் ராஜாவிடம் சொல்லிவிட்டார். நீங்களும் அப்படியே செய்யுங்களேன், பத்து சபைக்கு, தொண்ணூறு சோதோமுக்கு. விருத்தசேதனமும் மோசேக்கு முந்தியதுதான், அதற்கு எப்போது தேதி குறித்திருக்கிறீர்கள்?

குன்னூர் டீச்சர்:
கிருபை என்றால் என்ன, சட்டம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிட்டு சண்டை போடலாமே. கொடுப்பதைப் பற்றி 2 கொரிந்தியர் 9:7 "கட்டாயமாயுமல்ல" என்கிறது.

ஜெபவீரன்:
டீச்சர், அதற்கு அப்புறம் வருகிறேன். கேரட் விலை ஏறினால் சிலருக்கு வசனம் மறந்துவிடும்.

கேத்திக்காரன்:
கேரட்டைப் பற்றி அண்ணாவுக்கு என்ன தெரியும்? விடியற்காலை இருட்டில், தலையில் லைட் கட்டிக்கொண்டு, விரல் மரத்துப்போகப் பிடுங்குகிறோம். கழுவும் மெஷினுக்குக் காசு, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி வாடகை, அங்கே கமிஷன். விதைக்கடன் தனி. மண்டி விற்பனைச் சீட்டில் எழுதிய முழுத்தொகைக்குப் பத்தில் ஒன்றா, செலவு போகவா என்று கேட்டால், "விசுவாசத்தோடு கொடுங்கள்" என்கிறார்கள். உறைபனியில் பயிர் கருகின வருஷமும் காணிக்கைக் கவர் மட்டும் வீடு தேடி வந்தது. எந்தச் சபை என்று சொல்லமாட்டேன். மறுபடி சொல்கிறேன், எபிரெயர் 7:4. கொள்ளை.

பூண்டு கொடைக்கானல்:
லேவியராகமம் 27:30 நிலத்தின் வித்து, மரத்தின் கனி என்கிறது. அதை நம்பி நான் ஒரு மூட்டை மலைப்பூண்டு கொண்டுபோனேன். ரொக்கமாகத் தரமுடியுமா என்று கேட்டார்கள்.

ஜெபவீரன்:
உபாகமம் 14:25, கர்த்தர் தெரிந்துகொண்ட இடம் தூரமாயிருந்தால் தசமபாகத்தைப் பணமாக்கலாம்.

கேத்திக்காரன்:
அடுத்த வசனத்தையும் படியுங்கள் அண்ணா. அந்தப் பணத்தில் ஆடு, மாடு, மதுபானம், மனம் விரும்பியதெல்லாம் வாங்கிக் குடும்பத்தோடு சாப்பிடச் சொல்கிறது. அடுத்த ஞாயிறு நான் தயார்.

ஊட்டிவாசி:
கொள்ளை என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே ஊட்டியில் 1830-ல் பிரதிஷ்டையான புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு உத்திரங்கள், வெள்ளைக்காரர் வீழ்த்திய திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையிலிருந்துதான் வந்தன. அதையும் தசமபாகக் கணக்கில் சேர்க்கலாமா?

ஜெபவீரன்:
ஆலயத்தைக் கொள்ளை என்று பேசாதீர்கள். என் பாட்டிக்குக் கல்யாணம் நடந்த இடம் அது.

ஊட்டிவாசி:
பாட்டியை நான் ஒன்றும் சொல்லவில்லையே. மரத்தைச் சொன்னேன்.

குன்னூர் டீச்சர்:
என் கேள்வி அப்படியே இருக்கிறது.

ஜெபவீரன்:
கிருபையைப் பற்றிப் பேச ஒரு தகுதி வேண்டும் டீச்சர். போன அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த விளைச்சலைச் சபை ஏலம் விட்டபோது, ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு முட்டைக்கோஸ் எடுத்தவர் இன்னும் பணம் கட்டவில்லை. யாரென்று கேத்திக்காரருக்குத் தெரியும்.

கேத்திக்காரன்:
அந்தக் கோஸ் உள்ளே அழுகல். வெட்டிப் படம் எடுத்து உங்களுக்கே அனுப்பினேன், நீலக்குறி விழுந்தது, பதில் இல்லை. என் தோட்டத்துக் கோஸ் அப்படி இருக்காது.

ஜெபவீரன்:
ஏலம் ஏலம்தான். கர்த்தருக்கென்று சொன்னது சொன்னதுதான்.

கேத்திக்காரன்:
பார்த்தீர்களா டீச்சர், கோஸுக்கும் நியாயப்பிரமாணம். சரி, ஐந்நூறை நாளைக்கு கட்டிவிடுகிறேன், ரசீது வேண்டும். எபிரெயர் 7:4-க்கு இன்னும் பதில் வரவில்லை.