அப்பாவின் மனச்சோர்வு மாத்திரையும் எஸ்ஜிபிடி 148-உம்

கேள்வி:
அப்பாவுக்கு 74 வயது, கும்பகோணத்தில் இருக்கிறார். அம்மா போனபின் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் நின்றுவிட்டது. நாள்பட்ட சர்க்கரை வேறு. ராத்திரியில் பாதம் எரிகிறது என்று ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டுக்கும் சேர்த்து டுலாக்செட்டின் 30 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் தேறிவிட்டார். திண்ணைக்கு வந்து பேப்பர் படிக்கிறார். போன வாரம் ரத்தம் பார்த்தால் எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் அளவு) 148. மாத்திரை தொடங்கும் முன் யாரும் கல்லீரல் டெஸ்ட் எடுக்கவில்லை. பழைய ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று இருக்கிறது. இன்றைக்கே நிறுத்திவிடட்டுமா? மறுபடி முடங்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 1 (மருந்துக்கடைக்காரன்):
அக்கா, 40 வரை இருக்க வேண்டியது மூன்று மடங்கைத் தாண்டியிருக்கிறது. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இன்றைக்கே பேசுங்கள். கல்லீரல் நோய் இருந்தாலும், குடிப்பழக்கம் அதிகம் இருந்தாலும் டுலாக்செட்டின் கொடுப்பதைத் தவிர்ப்பார்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரும். ஆனால் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்தால் அடுத்த மாத்திரை வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. வேறு என்னென்ன சாப்பிடுகிறார்? வலிமாத்திரை, சூரணம், லேகியம் ஒன்றுவிடாமல் பாருங்கள்.

பதில் 2:
என் அம்மாவுக்கு மனச்சோர்வுக்கு அகோமெலாட்டின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். தொடங்கும் முன்பும், பிறகு 3, 6, 12, 24-ஆம் வாரங்களிலும் கல்லீரல் டெஸ்ட். 75 வயதிலும் அதற்கு மேலும் அதைக் கொடுக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. உங்கள் அப்பா அந்த வாசலில் நிற்கிறார், மாற்றும்போது கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அம்மாவுக்குச் செர்ட்ராலின் என்ற வேறு மனச்சோர்வு மாத்திரைக்கு மாற்றினார்கள். கல்லீரல் சரியாக இருந்தது, ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு இறங்கிவிட்டது. பிரஷருக்குச் சாப்பிட்டு வந்த நீர் மாத்திரையும் ஒரு காரணம். அதில் குழம்பிப்போய் ஒருநாள் காலையில் அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று என்னைக் கேட்டார். நாற்பது வருடம் சமைத்த கை. எந்த மாத்திரைக்கு மாறினாலும் சோடியமும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
தம்பி கேட்டதால் அலமாரியைத் திறந்து பார்த்தேன். சர்க்கரைக்கு நல்லது என்று சொந்தக்காரர் கொடுத்த சீந்தில் சூரணம், பாதி டப்பா காலி. தினமும் வெந்நீரில் கலந்து குடிக்கிறாராம். சீந்திலாலும் கல்லீரல் கெட்டதாகப் பதிவுகள் உண்டு என்று டாக்டர் போனில் சொன்னார். சூரணம் இன்றோடு நிறுத்தம். நாளைக் காலை மாத்திரை அட்டை, டப்பா, பழைய ஸ்கேன் மூன்றையும் எடுத்துக்கொண்டு போகிறோம். அப்பா கேட்டது ஒன்றுதான்: "கால் எரிச்சல் திரும்ப வருமா?"