மெக்காலே மேற்கோளை எங்கே சரிபார்ப்பது?

வரலாறு மாணவி: 1835 பிப்ரவரி 2-ல் ஆங்கிலேய அதிகாரி மெக்காலே லண்டன் நாடாளுமன்றத்தில், "இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனையும் பார்க்கவில்லை" என்று பேசினாராம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா போட்டார். கட்டுரையில் சேர்க்கலாமா?

பழைய நூலகர்: சேர்த்துவிடாதீர்கள். பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த காலத்தில் இதே தாளோடு என் மேசைக்கு வந்தவர்கள் ஏராளம். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: அன்றைக்கு ஆள் எங்கே இருந்தார்? 1834 ஜூனில் மதராஸில் கப்பல் இறங்கினார். ஊருக்குத் திரும்பியது 1838-ல். இடையில் லண்டனில் எப்படிப் பேசுவார்? வாழ்க்கை வரலாறு ஒன்றைப் புரட்டினாலே போதும், பத்து நிமிட வேலை. அந்தத் தேதி மட்டும் நிஜம், இந்தியாவில் ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று அவர் எழுதிய கல்விக் குறிப்பின் தேதி. நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஓர் அலமாரித் தட்டே இந்திய, அரபு இலக்கியம் முழுவதற்கும் ஈடு என்பது அதில்தான் வருகிறது. நிஜமே இவ்வளவு கசக்கும்போது பொய் எதற்கு?

சந்தேகப்பிராணி: இதையெல்லாம் கூகுளிலேயே பார்க்கலாமே சார்?

பழைய நூலகர்: பார்க்கலாம். ஆனால் அந்தப் பொய்யை அச்சிட்ட புத்தகங்களும் அங்கே கிடைக்கும். எங்கள் அலமாரியிலும் இரண்டு இருந்தன, அது வேறு கதை. மூலத்தைத் தேடிப் பிடிக்கக் கற்றுத்தருவதுதான் நூலகர் வேலை.

வரலாறு மாணவி: நன்றி ஐயா. குறிப்பின் முழு வாசகத்தை எடுத்துவிட்டேன். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.